நஞ்சுக்கொடியில் வேலை பார்க்கும் பழைய வைரஸ் புரதங்கள் (பழைய தலைப்பு: நாம் 8% வைரஸா?)

தாமிரபரணி ராஜா | திங்கள், இரவு 9:40

வணக்கம். மகள் பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் எடுத்திருக்கிறாள். "மனித டிஎன்ஏவில் 8 சதவீதம் வைரஸ்" என்று எங்கோ படித்துவிட்டு வந்து, "அப்போ என் 45 கிலோவில் மூன்றரை கிலோ வைரஸாப்பா?" என்று கேட்கிறாள். சிரித்துச் சமாளித்துவிட்டேன். பதில் தெரியவில்லை. இது உண்மையா, யாராவது கிளப்பிவிட்டதா? உண்மையென்றால் அது உள்ளே உட்கார்ந்து என்ன செய்கிறது? நான் வணிகவியல் படித்தவன், அதை மனதில் வைத்து நிதானமாகச் சொல்லுங்கள்.

செல்லுயிரி | திங்கள், இரவு 10:25

ராஜா சார், எடைக் கணக்கு தப்பு, எழுத்துக் கணக்கு சரி. டிஎன்ஏவில் உள்ள எழுத்துகளில் சுமார் 8 சதவீதம் பழைய ரெட்ரோவைரஸ்களிலிருந்து வந்தவை. மனித மரபணுத் தொகுதியின் முதல் வரைவு 2001இல் வெளியானபோதே இந்த அளவு தெரிந்துவிட்டது. நம் புரதங்களுக்கான செய்முறை எழுதியிருக்கும் பகுதி மொத்தமாகச் சேர்த்தாலும் ஒன்றரை சதவீதம்தான். அதோடு ஒப்பிட்டால் 8 எவ்வளவு பெரிது என்று புரியும்.

எப்படி உள்ளே வந்தது? ரெட்ரோவைரஸ் தன் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றி, தான் புகுந்த செல்லின் டிஎன்ஏவுக்குள்ளேயே செருகிவிடும். எச்ஐவி இந்த இனம்தான். அது ரத்தத்தில் உள்ள செல்லில் செருகிக்கொண்டால் அந்த ஆளோடு போய்விடும். எப்போதாவது ஒரு முறை கருமுட்டையையோ விந்தணுவையோ உண்டாக்கும் செல்லில் செருகிக்கொண்டால், பிறக்கும் பிள்ளையின் ஒவ்வொரு செல்லிலும் அது இருக்கும். பிள்ளையின் பிள்ளைக்கும் போகும்.

இப்படிப் பல கோடி ஆண்டுகளாகச் சேர்ந்தவைதான் இவை. பெரும்பாலானவை உடைந்து, அழிந்து, ஒரே ஒரு முனை மட்டும் மிஞ்சி நிற்கின்றன. புரதம் செய்யும் நிலையில் இருப்பவை மிகச் சில. சுவாரசியம் அந்தச் சிலவற்றில்தான்.

வார்டு நம்பர் 7 | திங்கள், இரவு 11:05

நான் பிரசவ வார்டில் இருபது வருடமாகச் செவிலியர். செல்லுயிரி தம்பி அடுத்து எதைச் சொல்லப் போகிறது என்று ஊகிக்கிறேன், நஞ்சுக்கொடி தானே? போன வருடம் ஒரு பயிற்சி வகுப்பில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனார்கள், "இதற்கு ஒரு வைரஸ் புரதம் தேவை" என்று. தினமும் அரைக் கிலோ எடையில் கையில் வாங்கி, முழுதாக வந்துவிட்டதா என்று திருப்பித் திருப்பிப் பார்க்கிற பொருள். அதில் வைரஸ் எங்கே வந்தது என்று அன்றைக்கு யாரும் விளக்கவில்லை. விளக்கமாக எழுதுங்கள் தம்பி.

செல்லுயிரி | செவ்வாய், காலை 7:15

அக்கா சரியாகப் பிடித்துவிட்டீர்கள்.

நஞ்சுக்கொடியில் மரக்கிளை போலப் பிரிந்த நுண்விரல்கள் தாயின் ரத்தத்தில் நனைந்தபடி இருக்கும். அந்த விரல்களுக்கு மேலே போர்த்தியது போல ஒரு படலம். மற்ற தோல், சவ்வு எல்லாம் செங்கல் அடுக்கியது போலச் செல்களை அடுக்கிச் செய்தவை. இந்தப் படலத்தில் செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே எல்லையே கிடையாது. பல செல்கள் கரைந்து ஒன்றாகி, உட்கருக்கள் மட்டும் கோடிக்கணக்கில் மிதக்கும் ஒரே விரிப்பு. இதற்கு சின்சிட்டியம் என்று பெயர். பிரசவ நேரத்தில் இதை விரித்துப் போட்டால் பத்துப் பன்னிரண்டு சதுர மீட்டர் வரும், ஒரு சின்ன அறையின் தரை. ஆக்சிஜனும் சத்தும் இதைத் தாண்டித்தான் போக வேண்டும். இடுக்கே இல்லாததால் தாயின் நோய் எதிர்ப்புச் செல்கள் இடையில் நுழைவதும் கடினம். நீங்கள் கர்ப்பம் பார்க்கும் பட்டையில் கோடு விழ வைக்கும் ஹார்மோனைச் சுரப்பதும் இந்தப் படலம்தான்.

செல்கள் தாமாக இப்படிக் கரைந்து சேராது. சேர்த்து வைக்க ஒரு ஆள் வேண்டும். 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஜெனடிக்ஸ் இன்ஸ்டிட்யூட் என்ற நிறுவனத்தின் ஆய்வாளர்கள், ஜான் மெக்காயும் மற்றவர்களும், நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். செல்லுக்கு வெளியே அனுப்பப்படும் புரதங்களைத் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு, நஞ்சுக்கொடியில் மட்டும் ஏராளமாக உருவாகும் ஒரு புரதம் கிடைத்தது. வரிசையைப் பார்த்தால், ஹெர்வ்-டபிள்யூ என்ற பழைய ரெட்ரோவைரஸின் உறைப் புரதம்! அதே நேரத்தில் பிரான்ஸிலும் ஒரு குழு அதே முடிவுக்கு வந்தது. சின்சிட்டின் என்று பெயர் வைத்தார்கள். ஆய்வகத்தில் வளர்க்கும் சாதாரண செல்களில் இந்த மரபணுவை ஏற்றினால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கரைந்துவிடும்.

உறைப் புரதம் வைரஸுக்கு எதற்கு? வைரஸின் உறையையும் செல்லின் சவ்வையும் ஒட்டவைத்து உள்ளே நுழைய. வைரஸின் மேல் இருந்தால் வைரஸும் செல்லும் ஒட்டும். செல்லின் மேலேயே அந்தப் புரதம் இருந்தால், செல்லும் செல்லும் ஒட்டும். வேலை ஒன்றுதான், ஆள் மட்டும் மாறியிருக்கிறது.

ஹெர்வ்-டபிள்யூவுக்கு நம் டிஎன்ஏவில் நூற்றுக்கணக்கான பிரதிகள் உண்டு. 7ஆம் குரோமோசோமில் உள்ள ஒன்றில்தான் இந்த உறை மரபணு சேதமில்லாமல் இருக்கிறது. மற்றவை எல்லாம் சிதைந்துவிட்ட நிலையில், இது ஒன்று இத்தனை காலம் அழியாமல் இருப்பதே இதற்கு வேலை இருக்கிறது என்பதற்குச் சாட்சி.

சுவடிப்பித்தன் | செவ்வாய், மாலை 4:30

ஓய்வு பெற்ற தமிழாசிரியன் நான். அறிவியல் தெரியாது, கேள்வி கேட்கத் தெரியும்.

ஒன்று: இது பழையது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? தேதி போட்டா செருகிக்கொண்டது?

இரண்டு: "வைரஸ் இல்லாவிட்டால் மனிதனே இல்லை" என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். சின்சிட்டின் எவ்வளவு பழையது? நஞ்சுக்கொடி எவ்வளவு பழையது? சின்சிட்டினுக்கு முன்பே நஞ்சுக்கொடி இருந்திருந்தால் இந்தப் பேச்சு அடிபட்டுப் போகுமே.

செல்லுயிரி | செவ்வாய், இரவு 8:50

ஐயா, இரண்டாவது கேள்வி இந்தத் துறையின் நடு நரம்பு. முதலில் தேதி.

ரெட்ரோவைரஸ் செருகிக்கொள்ளும் முறையில், அதன் தலையிலும் வாலிலும் ஒரே வரிசை இருக்கும். செருகிய நாளில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. அதன்பின் தலைமுறை தலைமுறையாகப் படியெடுக்கும்போது இரண்டிலும் தனித்தனியாகப் பிழைகள் சேரும். இன்றைக்கு இரண்டையும் அருகருகே வைத்து எத்தனை எழுத்து வேறுபடுகிறது என்று எண்ணினால் வயது தோராயமாக வந்துவிடும். இன்னொரு வழி, அதே குரோமோசோமில் அதே இடத்தில் எந்தெந்தக் குரங்கினங்களிலும் அது இருக்கிறது என்று பார்ப்பது. இரண்டு இனங்களில் சரியாக ஒரே இடத்தில் இருந்தால், அவை பிரிவதற்கு முன்பே நுழைந்தது என்று பொருள்.

சுவடிப்பித்தன் | செவ்வாய், இரவு 9:20

அட, இது பாடபேதம் பார்ப்பது! ஒரே வெண்பாவை ஒருவன் சுவடியின் முதல் ஏட்டிலும் கடைசி ஏட்டிலும் எழுதி வைக்கிறான். அந்தச் சுவடியை முன்னூறு வருடம் மாறி மாறிப் படியெடுக்கிறார்கள். முதல் ஏட்டு வெண்பாவுக்கும் கடைசி ஏட்டு வெண்பாவுக்கும் எவ்வளவு பேதம் விழுந்திருக்கிறதோ அவ்வளவு கை மாறியிருக்கிறது. புரிந்துவிட்டது. சரி, இரண்டாவது கேள்வியிலிருந்து தப்பிக்காதீர்கள்.

செல்லுயிரி | புதன், காலை 6:40

தப்பிக்கவில்லை ஐயா, தூங்கிவிட்டேன்.

சின்சிட்டின்-1 நம் முன்னோர்களுக்குள் வந்து சுமார் இரண்டரை கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. 2003இல் பாரிஸுக்குப் பக்கத்தில் வில்ஜுய்ஃபில் உள்ள குஸ்தாவ் ரூஸி நிறுவனத்தில் தியரி ஹைட்மன் குழு சின்சிட்டின்-2 என்ற இன்னொன்றைக் கண்டுபிடித்தது. அது வேறொரு வைரஸிலிருந்து வந்தது, வயது நாலு கோடி ஆண்டுகளுக்கு மேல். ஆனால் நஞ்சுக்கொடி உள்ள பாலூட்டிகளின் வரலாறு பத்துக் கோடி ஆண்டுகளையும் தாண்டும். ஆக, நீங்கள் சொன்னதுதான் சரி. சின்சிட்டின்-1 நஞ்சுக்கொடியை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்த நஞ்சுக்கொடியில் வேலைக்குச் சேர்ந்தது.

இன்னும் வினோதம் எலியில். எலிக்கும் சின்சிட்டின் உண்டு, ஏ, பி என்று இரண்டு, 2005இல் கண்டறிந்தார்கள். அவற்றுக்கும் நம் சின்சிட்டினுக்கும் உறவே இல்லை. வேறு வைரஸ், வேறு குரோமோசோம் இடம், வேறு காலம். எலியின் முன்னோர் தனியாகப் பிடித்தது. 2009இல் சின்சிட்டின்-ஏ மரபணுவை நீக்கிய எலிக் கருக்கள் பதினொன்றிலிருந்து பதின்மூன்று நாளுக்குள் வயிற்றிலேயே இறந்தன. செல்கள் இணையவில்லை, சத்துப் போகவில்லை. பி-யை நீக்கினால் குட்டிகள் பிழைத்தன, ஆனால் வளர்ச்சி குறைந்தது. "அவசியம்" என்ற சொல்லுக்கு நேரடி நிரூபணம் இதுதான். மனிதரில் இப்படி நீக்கிப் பார்க்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

முயலில் தனியாக ஒன்று. நாய், பூனை வகையில் தனியாக ஒன்று. மாடு, ஆட்டில் தனியாக ஒன்று. பைப்பாலூட்டி வகையான ஒப்போசத்திலும் ஒன்று. 2017இல் தென் அமெரிக்காவின் மபுயா என்ற, குட்டி போடும் அரணை வகையிலும் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அதற்கும் நஞ்சுக்கொடி மாதிரி அமைப்பு உண்டு. ஒவ்வொரு கிளையும் ஒவ்வொரு வைரஸை, ஒவ்வொரு காலத்தில் பிடித்து, ஒரே வேலைக்கு வைத்திருக்கிறது.

இதிலிருந்து வந்த ஊகம்: முதலில் ஏதோ ஒரு பழைய வைரஸின் உறைப் புரதம் அந்த வேலையைச் செய்திருக்கும். பிறகு புதிது ஒன்று வந்து இன்னும் நன்றாகச் செய்ய, பழையது தேய்ந்து மறைந்திருக்கும். ஜப்பானிய ஆய்வாளர்கள் சிலர் இதற்குத் தொடர் ஓட்டத்தை நினைத்து 'பேட்டன் பாஸ்' என்று பெயர் வைத்தார்கள். முதலில் ஓடியவர் யார் என்பதற்கு இன்று நேரடித் தடயம் இல்லை. ஆகவே இது ஊகம்தான், நல்ல ஊகம்.

சுவடிப்பித்தன் | புதன், காலை 8:10

ஒப்புக்கொள்கிறேன், ஒரு முனகலோடு. எல்லாப் பாலூட்டிக்கும் வேண்டும் என்றால், இல்லாத பாலூட்டி ஒன்றும் கிடையாதா?

செல்லுயிரி | புதன், காலை 8:35

உண்டு. பன்றியும் குதிரையும். அவற்றின் நஞ்சுக்கொடியில் இந்த இணைந்த படலமும் கிடையாது, சின்சிட்டினும் இதுவரை கிடைக்கவில்லை. அவற்றில் நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரை அரிக்காமல் மேலோட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே "வைரஸ் இல்லாவிட்டால் கர்ப்பமே இல்லை" என்பது அதிகப்படி. செல்கள் இணைந்த படலம் உள்ள நஞ்சுக்கொடி இல்லை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

பொன்னி | புதன், மதியம் 1:20

மாடு என்றதும் எட்டிப் பார்த்தேன். எங்கள் வீட்டில் ஏழு மாடு, ஒன்று இந்த வாரம் கன்று போடும். மாட்டுக்கு நாங்கள் இளங்கொடி என்போம். விழுந்ததும் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவார் அப்பா, பால் நன்றாகச் சுரக்கும் என்று. மாட்டு இளங்கொடியில் மனிதரைப் போல முழு விரிப்பு இருக்காதே? பொத்தான் பொத்தானாகத்தானே ஒட்டியிருக்கும்?

செல்லுயிரி | புதன், மதியம் 2:05

கண்ணால் பார்த்தவர் சொல்வது சரி. மாட்டில் அந்தப் பொத்தான்களில் மட்டும்தான் ஒட்டு. அங்கே கன்றின் பக்கத்தில் இரண்டு உட்கரு உள்ள செல்கள் இருக்கும். அவை தாயின் கருப்பைச் செல்லோடு ஒன்று சேர்ந்து மூன்று உட்கரு உள்ள செல் ஆகும். யோசித்துப் பாருங்கள், ஒரே செல்லில் தாயும் கன்றும்! அந்த இணைப்புக்கும் வைரஸ் உறைப் புரதங்கள்தான். 2013இல் இரண்டைப் பற்றி எழுதினார்கள், ஒன்று அசைபோடும் விலங்குகளுக்குப் பொதுவானது, மற்றது மாட்டினத்துக்கு உரியது.

செம்மறி ஆட்டில் இன்னும் ஒரு படி. அதன் டிஎன்ஏவில் உள்ள ஒரு வைரஸ் உறைப் புரதத்தை 2006இல் ஆய்வாளர்கள் கருப்பையிலேயே தடுத்துப் பார்த்தார்கள். கர்ப்பம் கலைந்தது.

நெடுந்தீவாள் | புதன், இரவு 7:45

எங்கட பாடப்புத்தகத்தில் நஞ்சுக்கொடிக்குச் சூல்வித்தகம் என்று இருந்தது. எனக்கு அந்தச் சொல் பிடிக்கும், ஆனால் இங்கே நஞ்சுக்கொடியே இருக்கட்டும், சண்டைக்கு வரவில்லை.

என் கேள்வி வேறு. பிள்ளையில் பாதி தகப்பனின் பங்கு. தாயின் உடம்புக்கு அது அந்நியம். அதை ஏன் விரட்டாமல் விடுகிறது? இதற்கும் இந்தப் புரதத்துக்கும் தொடர்பு உண்டு என்று எங்கோ வாசித்த ஞாபகம்.

செல்லுயிரி | புதன், இரவு 9:00

உண்டு, ஆனால் அளவோடு சொல்ல வேண்டும். பல ரெட்ரோவைரஸ்களின் உறைப் புரதத்தில், நோய் எதிர்ப்பைத் தணிக்கும் ஒரு சிறு பகுதி இருக்கும். வைரஸுக்கு அது தற்காப்பு. 2007இல் ஹைட்மன் குழு எலிகளில் கட்டி செல்களை வைத்துச் சோதித்தபோது, சின்சிட்டின்-2இல் அந்தத் திறன் இருக்கிறது, சின்சிட்டின்-1இல் இல்லை என்று தெரிந்தது. எலியிலும் அதேபோல இரண்டில் ஒன்றுக்குத்தான் உண்டு. கர்ப்பத்தில் தாய் பொறுத்துக்கொள்வதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். ஒரே காரணம் இல்லை, வேறு பல ஏற்பாடுகள் தெளிவாகத் தெரிந்தவை உண்டு.

எனக்கு அதைவிடப் பிடித்தது சப்ரெசின். இதுவும் பழைய வைரஸ் உறைப் புரதத்தின் மிச்சம்தான், பாதி உடைந்தது. செல்லின் மேல் சின்சிட்டின்-1 போய்ப் பிடிக்கும் அதே கைப்பிடியை இது முன்கூட்டியே பிடித்துக்கொண்டு, இணைப்பு கட்டுமீறாமல் பார்க்கிறது. 2022இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் செட்ரிக் ஃபெஷோட் குழு, அந்தக் கைப்பிடி வழியாகவே நுழையும் பூனை வைரஸ் ஒன்றையும் இது தடுக்கிறது என்று காட்டியது. பழைய திருடன் வாசலில் உட்கார்ந்து புதிய திருடனை விரட்டுகிற கதை.

உஷார் தமிழன் | வியாழன், காலை 6:10

இதைத்தானே அப்போதே வாட்ஸப்பில் சொன்னார்கள்? கொரோனா தடுப்பூசி போட்டால் இந்த சின்சிட்டினைத்தான் தாக்கும், பெண்களுக்குக் குழந்தை பிறக்காது என்று. அப்போது எல்லோரும் கேலி செய்தீர்கள். இப்போது நீங்களே சின்சிட்டின் உண்மை என்கிறீர்கள்.

வார்டு நம்பர் 7 | வியாழன், காலை 9:30

தம்பி, அந்தச் செய்தி எங்கள் வார்டில் செய்த வேலையை நான் பார்த்தேன். ஏழு மாதக் கர்ப்பிணி, ஊசி வேண்டாம் என்று மாமியார் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கோபமாகத்தான் எழுதுகிறேன், மன்னிக்கவும்.

சின்சிட்டின் உண்மை. தடுப்பூசி அதைத் தாக்கும் என்பது பொய். 2020 டிசம்பரில் ஐரோப்பிய மருந்து முகமைக்கு இருவர் கொடுத்த மனுவில் "இப்படி நடக்கலாம்" என்று எழுதப்பட்ட ஊகம், வாட்ஸப்புக்கு வந்து சேர்வதற்குள் "நடக்கும்" என்று ஆகிவிட்டது. சும்மா யோசித்தாலே தெரியும். தடுப்பூசி உண்டாக்கும் அதே எதிர்ப்பொருள் கொரோனா வந்தவர்களுக்கும் உண்டாகும். அப்படியானால் கொரோனா வந்த பெண்கள் யாரும் பிறகு கருத்தரித்திருக்கக் கூடாது. நான் எத்தனை பிரசவம் பார்த்தேன் என்று எனக்குத் தெரியும். கர்ப்பிணிகளுக்கு ஊசி போடலாம் என்று இந்தியாவில் 2021 ஜூலை 2ஆம் தேதி அனுமதி வந்தது.

செல்லுயிரி | வியாழன், காலை 10:15

அக்கா சொன்னதோடு ஒன்று. கொரோனாவின் கூர்முனைப் புரதத்தில் 1273 அமினோ அமிலம், சின்சிட்டின்-1இல் 538. இரண்டையும் பக்கத்தில் வைத்தால், எதிர்ப்பொருள் ஏமாறும் அளவுக்கு நீளமான ஒற்றுமை எங்கும் இல்லை. ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் செயற்கைக் கருத்தரிப்பில் வெற்றி விகிதம் வேறுபடவில்லை என்றும் பார்த்துவிட்டார்கள்.

உஷார் தமிழன் | வியாழன், காலை 11:00

கொரோனா வந்தவர்களுக்கும் அதே எதிர்ப்பொருள் என்பதை நான் யோசிக்கவில்லை. அந்த இடத்தில் விட்டுவிடுகிறேன்.

தாமிரபரணி ராஜா | வியாழன், இரவு 8:20

மகள் உட்கார்ந்து முழுவதும் படித்தாள். அவளுடைய கேள்வி: பிரசவத்துக்கு வெளியே, ஆம்பிளைகளுக்கு இதனால் ஏதாவது உண்டா?

செல்லுயிரி | வியாழன், இரவு 10:40

நல்ல கேள்வி. தசை நார்களும் பல செல்கள் இணைந்து உண்டானவைதான். 2016இல், சின்சிட்டின்-பி இல்லாத ஆண் எலிகளுக்குத் தசை குறைவாக இருப்பதைக் கண்டார்கள். பெண் எலிகளில் அந்த வேறுபாடு இல்லை. மனிதருக்கு இதை அப்படியே நீட்டிவிட முடியாது.

கரு எட்டு செல்லாக இருக்கும்போதே, நம்மில் உள்ளவற்றில் மிக இளைய வைரஸ் குடும்பமான ஹெர்வ்-கே விழித்துக்கொள்கிறது என்று 2015இல் ஸ்டான்ஃபோர்டில் ஜோவானா வைசோக்கா குழு காட்டியது. கருவில் வைரஸ் துகள் போன்ற உருண்டைகளே தெரிந்தன. சில நாளில் அடங்கிவிடும். அதன் உறைப் புரதத்தின் முப்பரிமாண அமைப்பு 2025இல்தான் வெளியானது, கலிஃபோர்னியாவின் லா ஹோயாவிலிருந்து. எச்ஐவியுடையதைவிட உயரமாக, ஒல்லியாக இருக்கிறதாம்.

அப்புறம் மூளை. நினைவு பதிய வேண்டிய ஆர்க் என்ற புரதம் வைரஸ் கூடு போலவே கூடு கட்டி, அதற்குள் தன் ஆர்என்ஏவை வைத்துப் பக்கத்துச் செல்லுக்கு அனுப்புகிறது. 2018இல் யூட்டாவிலிருந்தும் மாசசூசெட்ஸிலிருந்தும் ஒரே நேரத்தில் இரண்டு கட்டுரைகள். இதுவும் வைரஸிலிருந்து வந்தது.

நோய்ப் பக்கம் சுருக்கமாக: ஏஎல்எஸ் என்ற நரம்பு நோயில் ஹெர்வ்-கே கூடுகிறது என்று 2015இல் ஒரு பெரிய கட்டுரை வந்தது. பிறகு வேறு குழுக்கள் திரும்ப அளந்தபோது அந்த உயர்வு தெரியவில்லை. தீராத வழக்கு.

நெடுந்தீவாள் | வெள்ளி, காலை 7:30

ஆர்க் வைரஸிலிருந்தா? டிஒய்3 என்ற தாவும் மரபணுக் குடும்பத்திலிருந்து என்றல்லவா வாசித்தேன்?

செல்லுயிரி | வெள்ளி, காலை 8:00

திருத்தம், நீங்கள் சொன்னதே சரி. ரெட்ரோவைரஸ்களுக்கு ஒன்றுவிட்ட சொந்தம், வைரஸ் இல்லை. நஞ்சுக்கொடிக்கு வேண்டிய பெக்10 என்ற மரபணுவும் அதே குடும்பம். ராத்திரி பதினொரு மணிக்கு எழுதினால் இப்படித்தான்.

சுவடிப்பித்தன் | வெள்ளி, காலை 9:15

கடைசியாக ஒன்று. இதெல்லாம் பழங்கதை. இன்றைக்கு எங்காவது நடக்கிறதா, கண் முன்னே?

செல்லுயிரி | வெள்ளி, மதியம் 12:50

ஆஸ்திரேலியாவில், கோலாவில். வடக்கே குயின்ஸ்லாந்தில் எல்லாக் கோலாக்களின் டிஎன்ஏவிலும் ஒரு ரெட்ரோவைரஸ் பரம்பரையாக ஏறிவிட்டது. தெற்கே போகப் போகக் குறைகிறது. ஏறிக்கொண்டிருக்கும் நிலையிலேயே பிடித்த உதாரணம் என்று 2006இல் நேச்சரில் வந்தது. அவற்றுக்கு ரத்தப் புற்றுநோய் அதிகம். வைரஸ் வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய கட்டம் இப்படித்தான் இருக்கும். சாவு நிறைய, பயன் ஒன்றும் இல்லை.

தாமிரபரணி ராஜா | வெள்ளி, இரவு 9:05

நிர்வாகி ஐயா, இழையின் தலைப்பை மாற்ற முடியுமா? "நாம் 8% வைரஸா" என்று நான் வைத்ததைப் பார்த்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. 8 சதவீதத்தில் பெரும்பாலும் உடைந்து கிடக்கிறது, பேசியதெல்லாம் நாலைந்து புரதத்தைப் பற்றி.

நிர்வாகி | வெள்ளி, இரவு 9:30

மாற்றியாயிற்று.

பொன்னி | சனி, காலை 5:50

கிடேரிக் கன்று. இளங்கொடி நாலு மணி நேரத்தில் விழுந்துவிட்டது. அப்பா சாக்கு தேடுகிறார். கட்டுவதற்கு முன் அந்தப் பொத்தான்களைப் படம் எடுத்திருக்கிறேன், இங்கே போடலாமா, யாராவது சாப்பிடும் நேரமா?